அடுக்களையில் பெற்ற அறிவு

ஞானம் எங்கே கிடைக்கும்? மலையுச்சியிலா, மடத்திலா, மூடிய கண்களுக்குள்ளா? இக்கேள்விக்கு விடை தேடி, 1223ஆம் ஆண்டில் கடல் கடந்து சீனம் சென்றார் ஜப்பானிய இளந்துறவி ஒருவர். டோகென் என்பது அவர் பெயர், அகவை 23. ஏடுகளையும் பேராசான்களையும் நாடிச் சென்ற அவருக்கு முதற் பாடம் புகட்டியவர் யார் தெரியுமா? முதிர்ந்த சமையற்காரர் ஒருவர்!

துறைமுகத்தில் கப்பலிலேயே டோகென் தங்கியிருந்த நாளில், மடம் ஒன்றின் தலைமைச் சமையற்காரர், அறுபதைக் கடந்தவர், காளான் வாங்க நெடுந்தொலைவு நடந்து வந்தார். இரவு தங்கி உரையாடிச் செல்லுமாறு டோகென் வேண்டினார். மறுநாள் உணவு தம் பொறுப்பு என்று மறுத்தார் முதியவர். சமைக்க வேறு ஆள் இல்லையா, தியானத்திலும் நூலாராய்ச்சியிலும் ஈடுபடாமல் இத்தள்ளாத வயதில் அடுப்படியில் அல்லலுறுவானேன் என்று கேட்டார் இளைஞர். முதியவர் வாய்விட்டுச் சிரித்தார். அயல்நாட்டு நண்பருக்கு நெறி இன்னதென்று இன்னும் விளங்கவில்லை என்று கூறிவிட்டுப் புறப்பட்டார்.

அந்தச் சிரிப்பு டோகெனைச் சிந்திக்க வைத்தது. 1227இல் தாயகம் திரும்பிய அவர், பத்தாண்டு கழித்து, 1237இல், மடத்துச் சமையற்காரருக்கென்றே ஒரு நூல் எழுதினார். அரிசியில் மணல் இருக்கிறதா என்று கண்ணூன்றிப் பார். ஒரு மணியையும் வீணாக்காதே. உயர்ந்த பொருளைச் சமைத்தாலும் எளிய கீரையைச் சமைத்தாலும் ஒரே கருத்தோடு சமை என்பன அந்நூலின் கருத்துகள். 1244இல் மலைநாட்டில் அவர் நிறுவிய மடம், எய்ஹெய்ஜி என்னும் பெயருடன் இன்றும் நிலைத்திருக்கிறது.

இந்நெறிக்கு வேர் சீனத்தில் இருந்தது. 814இல் மறைந்த பைஜாங் என்னும் ஜென் ஆசான், முதுமையிலும் வயலில் உழைத்தாராம். இரக்கப்பட்ட மாணவர்கள் அவருடைய கருவிகளை ஒளித்து வைத்தனராம். உழைக்காத நாளில் உண்ணவும் மாட்டேன் என்று அவர் பட்டினி கிடந்தார் என்பது மரபுவழிச் செய்தி. ஊரார் உழைப்பில் உடல் வளர்ப்பதே துறவு என்றிருந்தோருக்கு இதைவிடச் சூடு வேறென்ன வேண்டும்?

ஆனால் அன்பர்களே, வரலாறு இத்துடன் முடியவில்லை. உழைப்பே தவம் என்று உரைத்த அதே ஜப்பானில், தோல் பதனிட்டோரும் இறந்த விலங்குகளை அகற்றியோரும் தீட்டுடையோர் என ஒதுக்கப்பட்டனர். மாண்டோருக்குப் புதுப்பெயர் சூட்டும் பொறுப்பு பௌத்த மடங்களுடையது. ஒதுக்கப்பட்டோர் மறைந்தபோது, இழிவு சுட்டும் எழுத்துகளைப் பெயரில் புகுத்திக் கல்லறையிலும் பொறித்தனர். ஜென் மடங்களும் இதற்கு விலக்கல்ல. கையுழைப்பைப் போற்றிய வாய், உழைத்த கையைத் தூற்றியது! செத்த பின்னும் சாதி துரத்தியது!

1871இல் சட்டம் அவ்விழிநிலையை ஒழித்தது, உள்ளங்கள் ஒழிக்கவில்லை. 1922இல் ஒடுக்கப்பட்டோர் கியோட்டோ நகரில் திரண்டு, சுய்ஹெய்ஷா என்னும் சமத்துவச் சங்கம் கண்டனர். 1979இல்கூட, உலக சமய மாநாடு ஒன்றில், டோகெனைத் தலைமுதல்வராகக் கொண்ட சோட்டோ பிரிவின் தலைவர், ஜப்பானில் அத்தகைய வேற்றுமையே இல்லை என்று பேசினார். ஒடுக்கப்பட்டோர் இயக்கம் கிளர்ந்தெழுந்தது. அதன் பின்னரே அப்பேச்சு திரும்பப் பெறப்பட்டது. இழிபெயர்களைக் களையும் பணியும் தொடங்கிற்று.

அப்படியானால் ஜென் சிந்தனையை ஒதுக்கிவிடுவதா? வேண்டாம். அரிசி களையும்போதும், வீடு கூட்டும்போதும், இது சிறு வேலை என்னும் எண்ணம் எழுமானால் அந்தச் சமையற்காரரின் சிரிப்பு நம் செவியில் ஒலிக்கட்டும். அதே வேளையில், உயர்ந்த உரை எதைக் கேட்டாலும், இங்கே வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் யார் என்று கேட்கவும் பழகுவோம். முதற் பாடத்தை மடத்துச் சமையற்காரர் தந்தார். இரண்டாம் பாடத்தை மடத்தால் இழிவுபடுத்தப்பட்டோர் தந்தனர். நாள்தோறும் நமக்கு இரண்டும் வேண்டும்.