மாருதி 800 பொறி மாற்றம்

மாருதி 800 பொறி மாற்றம் என்பது மாருதி 800 வகைச் சிறு தானுந்தில் (கார்) தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட 796 கன செ.மீ. பொறியை (எஞ்சின்) நீக்கி, அதே நிறுவனத்தின் பெரிய தானுந்துகளின் பொறியைப் பொருத்துவதாகும். பெரும்பாலும் ஜென் தானுந்தின் 993 கன செ.மீ. பொறியோ எஸ்டீம் தானுந்தின் 1298 கன செ.மீ. பொறியோ இதற்குப் பயன்படுகிறது. இந்தியாவில் இவ்வாறு மாற்றிய தானுந்தைப் பொதுச்சாலையில் ஓட்டுவது சட்டப்படி குற்றமாகும்.

பின்னணி

மாருதி 800, 1983 திசம்பரில் அறிமுகமாகி 2014 சனவரி வரை தயாரிக்கப்பட்டது. இதன் எஃப்8பி பொறி மூன்று உருளைகள் கொண்டது. ஏறத்தாழ 37 குதிரைத்திறன் தருவது. தானுந்தின் எடை சுமார் 650 கிலோகிராம் மட்டுமே என்பதால் நகர ஓட்டத்திற்கு அதுவே போதுமானதாக இருந்தது. 1993இல் வந்த ஜென்னில் அலுமினியத்தாலான நான்கு உருளைப் பொறி 50 குதிரைத்திறன் அளித்தது. 1994இல் வந்த எஸ்டீமின் பொறி தொடக்கத்தில் 65, பின்னர் 16 அடைப்பிதழ்களுடன் (வால்வு) 85 குதிரைத்திறன் அளித்தது. இவ்விரண்டும் சுசுக்கியின் 'ஜி' வரிசைப் பொறிகள். இவையும் 800இன் பொறியைப் போலவே குறுக்குவாட்டில் அமைந்து முன் சக்கரங்களை இயக்குபவை. மாற்றம் இயல்வதற்கு இதுவே முதற்காரணம். சிப்சியின் 1300 பொறியும் இவ்வரிசையைச் சேர்ந்ததே. எனினும் நெடுக்குவாட்டில் அமைந்தது என்பதால் அது நேராகப் பொருந்தாது.

பயன்படுத்திய பொறிகள் சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிப்பாகச் சந்தைகளிலும் பிற ஊர்களின் காயலான் கடைகளிலும் கிடைக்கின்றன. கழித்துக்கட்டிய வண்டியின் பொறி எனில், அதன் மூல ஆவணங்கள் இன்றி வாங்குபவர் திருட்டுப் பொருளை வைத்திருப்பவராக ஐயுறப்படலாம்.

தொழினுட்பம்

பொறியை மட்டும் மாற்றினால் போதாது. அதற்குரிய கியர்பெட்டியும் கிளட்சும் உடன் வரவேண்டும். தாங்கிகள் (மவுண்டிங்) புதிதாகச் செய்து பற்றவைக்கப்படுகின்றன. கியர்பெட்டி மாறுவதால் ஓட்டுதண்டின் (ஆக்சில்) நீளமும் பல்லமைப்பும் ஒத்துவராமல் போகும். ஒரு முனை ஒரு வண்டியுடையதாகவும் மறுமுனை வேறு வண்டியுடையதாகவும் தண்டை ஒட்டிச் செய்வது வழக்கம். அந்த ஒட்டு முறிந்தால் ஓட்டத்தின் நடுவே சக்கரத்திற்குச் செல்லும் இழுவிசை அறுந்துவிடும். நான்கு உருளைப் பொறிக்கு 800இன் சிறிய ரேடியேட்டர் போதாது. எரிபொருள் பீய்ச்சும் வகைப் பொறியானால் கட்டுப்பாட்டுக் கணினி, உணரிகள், மின்கம்பித் தொகுதி, உயரழுத்த எரிபொருள் எக்கி ஆகியவையும் தேவை. கார்புரேட்டர் வண்டியில் இவற்றில் எதுவும் இல்லை.

85 குதிரைத்திறன் பொறி ஏறியதும் ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 57 ஆக இருந்த குதிரைத்திறன் இருமடங்குக்கும் மேலாகிறது. ஆனால் தடை அமைப்பும் (பிரேக்) 12 அங்குலச் சக்கரங்களும் பழையனவே. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே மணிக்கு 80 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்துவதைவிட 120 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்த 2.25 மடங்கு ஆற்றலைத் தடை உறிஞ்ச வேண்டும். 1961இல் மினி கூப்பர் 848 கன செ.மீ. பொறிக்குப் பதிலாக 997 கன செ.மீ. பொறியுடன் வந்தபோது, அதன் ஆக்குநர்கள் முன்சக்கரங்களுக்கு வட்டுத் தடையையும் (டிஸ்க் பிரேக்) சேர்த்தே அளித்தனர். பட்டறை மாற்றங்களில் பெரும்பாலும் விடுபடுவது இதுவே.

கடலோர வண்டிகளில் இன்னொரு இடர் உண்டு. தொண்டி, திருவாடானை, இராமேசுவரம் பகுதிகளின் உப்புக்காற்றில் பல ஆண்டுகள் நின்ற வண்டியில் தாங்கிகள் பற்றவைக்கப்படும் தகடே துருவேறி மெலிந்திருக்கும். வண்ணப்பூச்சு அதை மறைத்துவிடும். அத்தகைய தகடு கூடுதல் முறுக்குவிசையைத் தாங்குவது அரிது.

சட்டநிலை

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் ஆக்குநர் முதலில் குறிப்பிட்டவற்றுடன் மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. ஏற்பளிக்கப்பட்ட எரிவளிக் கருவியைப் பொருத்துவது போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம், கேரள உயர் நீதிமன்றத்தின் தளர்வான விளக்கத்தை நீக்கி இத்தடையை உறுதி செய்தது. 2019 செப்டம்பர் முதல் நடைமுறையிலுள்ள 182அ பிரிவின்படி, விதி மீறிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பழுதான பொறிக்குப் பதில் அதே வகைப் பொறியைப் பதிவு அலுவலரின் ஒப்புதலுடன் பொருத்துவது வேறு, அது அனுமதிக்கப்படுகிறது.

தனியார் தானுந்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். அப்போது பொறி எண்ணும் அடிச்சட்ட எண்ணும் சான்றிதழுடன் ஒப்பிடப்படும். திருவாடானை வட்டம் உள்ளிட்ட இராமநாதபுரம் மாவட்டத்தின் 'டிஎன் 65' பதிவு வண்டிகளில் பழைய 800கள் பலவும் இக்கட்டத்தைத் தாண்டியவை. மாற்றிய வண்டி பெரும்பாலும் இங்குதான் பிடிபடுகிறது.

மூன்றாம் தரப்புக் காப்பீட்டுக் கட்டணம் 1000 கன செ.மீ. வரை ஒரு படி, 1500 வரை அடுத்த படி என வகுக்கப்பட்டுள்ளது. 1298 பொறியைப் பொருத்திவிட்டு 796க்கான கட்டணம் செலுத்துபவரின் காப்பீட்டு ஆவணம் உண்மைக்கு மாறானதாகிறது. விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுக் கோரிக்கை மறுக்கப்பட அதுவே காரணமாகலாம்.

பந்தயத் தடங்களில்

மூடிய தடத்தில் மட்டும் ஓடும் வண்டிக்கு 52ஆம் பிரிவு தடையாவதில்லை. 1990 முதல் இயங்கும் இருங்காட்டுக்கோட்டை தடமும் கோயம்புத்தூரின் காரி தடமும் தமிழ்நாட்டில் இதற்கு இடமளிப்பவை. இங்கு பாதுகாப்புக் கூண்டு, பந்தய இருக்கைவார் முதலியவை போட்டி விதிகளின்படி கட்டாயம். 800இன் பொறியே முன்பு 'பார்முலா மாருதி' ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளில் பயன்படுத்தப்பட்டது.