பரபக்கம்

வாதசபையில் எதிராளியின் கொள்கையை மறுக்கப் புகுமுன், அதனை அவனே ஒப்பும் வண்ணம் எடுத்துரைத்தல் வேண்டும் என்பது, பாரத நாட்டுத் தர்க்க மரபில் பூர்வபக்ஷம் என்ற பெயரால் நெடுங்காலம் போற்றப்பட்டு வந்த நியதியாகும். மணிமேகலைக் காப்பியத்திலேயே, தவசி வேடம் பூண்ட மணிமேகலை வஞ்சி மாநகரில் சமயவாதிகள் பலரையும் அணுகி, அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே கேட்டறிகிறாள். காட்சியை அன்றிக் கருத்தளவை ஒப்பாத பூதவாதி ஒருவனிடம் மாத்திரம், அனுமானம் இன்றித் தாய்தந்தையரை எங்ஙனம் அறிந்தாய் என்று மடக்குகிறாள்.

இம்மரபைத் தமிழில் விரிவாகக் கையாண்டவர் 13-ஆம் நூற்றாண்டினரான அருணந்தி சிவாசாரியார். தம் சைவ சித்தாந்த நூலாகிய சிவஞான சித்தியாரைப் பரபக்கம் (பிறர் கொள்கை), சுபக்கம் (தன் கொள்கை) என இரண்டாக வகுத்த அவர், பரபக்கத்தில் உலகாயதர் முதல் பாஞ்சராத்திரர் ஈறாக 14 மதங்களின் கொள்கைகளை முதலில் மொழிந்து, அதன் பின்னரே மறுதலை கூறுகிறார். காட்சி ஒன்றே பிரமாணம் என்று உலகாயதன் வழக்காடும் பகுதியைத் தனியே படிப்பவருக்கு, ஆசிரியர் எப்பக்கத்தவர் என்ற ஐயமே எழக்கூடும். அத்துணை மிடுக்கு அதில் உண்டு.

எல்லோரும் இவ்வளவு நிதானம் காட்டினர் என்று சொல்லிவிட இயலாது. ஜைன நூலாகிய நீலகேசி, பௌத்தக் குண்டலகேசியைத் தாக்கவே எழுந்தது. ஆயினும் விசித்திரம் பாருங்கள்: குண்டலகேசி முழுமையாகக் கிடைக்காமற் போய்விட, அதன் சில பகுதிகளைக் காத்து வைத்திருப்பது, பகைநூலாகிய நீலகேசிக்கு சமய திவாகர வாமன முனிவர் வரைந்த உரையே!