முதற் சலனப்படத்தின் தலைவாயில்

வரலாறு கற்பார் அரண்மனையையும் கோட்டையையும் கோயிலையும் நாடிச் செல்வது வழக்கம். தொழிற்சாலைக் கொட்டகையொன்றும் வரலாற்றுச் சான்றாதல் கூடும் எனப் பலர் எண்ணுவதில்லை. பிரான்சு தேசத்து லியோன் நகரிலே, மொன்பிளேசிர் என்னும் பகுதியில் நிற்கும் ஒரு கொட்டகை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

ஒளிப்படக் கலைஞரான அந்துவான் லூமியேர் 1880களின் தொடக்கத்தில் அங்கே ஒளிப்படத் தகடு செய்யும் தொழிற்சாலையை நிறுவினார். மைந்தர் லூயி செம்மைப்படுத்திய உலர்தகடுகளால் அது பெருவளம் எய்தியது. லூயியும் அவர் தமையனார் ஒகுஸ்தும் சினமட்டோகிராப் என்னும் பொறிக்கு 1895 பெப்புருவரி 13இல் ஆக்கவுரிமை பெற்றனர். அவ்வாண்டிலே தம் தொழிற்சாலை வாயிலைக் கடந்து வெளியேறும் தொழிலாளரைப் படம்பிடித்தனர். அப்படத்தின் மூன்று வடிவங்கள் இன்றும் உள. ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்திற்கும் குறைந்தது. மகளிரும் ஆடவரும் விரைந்து வெளிப்போதுவர். அவரிடையே துவிச்சக்கரவண்டியும் நாயும் தோன்றும். வாயிலின் உட்புறத்தே காணப்படுவது அக்கொட்டகையே. திசம்பர் 28இல் பாரிசு நகரிலே கட்டணஞ் செலுத்தியோர் 33 பேர் லூமியேர் படங்களைக் கண்டனர். அடுத்த ஆண்டு யூலை 7இல் பம்பாய் மாநகரும் அவற்றைக் கண்டது.

ஆயினும் தொழில்வளம் நிலைத்திலது. 1970களில் ஆலையின் பெரும்பகுதி இடித்தகற்றப்பட்டது. லூமியேர் குடும்பத்தாரின் அழகிய மாளிகை நிலைபெற்றது. கொட்டகையின் ஒரு பகுதி மட்டும் எஞ்சியது. ஈண்டு ஒன்று சிந்திக்கற்பாலது. அம்மாளிகை கட்டப்பட்டது 1899க்கும் 1902க்கும் இடையிலாகும். படமெடுத்த காலத்தில் அஃது இருந்ததேயில்லை. நிகழ்ச்சிக்கு நேர்ச்சான்றாய் நிற்பது எளிய கொட்டகையேயன்றி மாளிகையன்று.

1982இல் லூமியேர் நிறுவகம் தோன்றியது. திரைப்பட இயக்குநர் பெர்த்திராண் தவேர்ணியே 2021இல் மறையும்வரை அதன் தலைவராய் விளங்கினார். 1990களில் கொட்டகை அரசின் பாதுகாப்புப் பெற்ற நினைவுச்சின்னமாயிற்று. 1998இல் அதனுள்ளே திரையரங்கு அமைக்கப்பட்டது. பழைய மரக்கூரை பேணப்பட்டது. அப்பகுதிக்கு 1991இல் சுரங்க இரயிலும் வந்தது. நிலையத்தின் பெயரிலும் லூமியேர் நாமம் இடம்பெற்றது. 2009 முதல் நிகழும் திரைப்பட விழாவிலே, இக்கால இயக்குநர் அவ்வாயிற் காட்சியை அதே இடத்தில் மீண்டும் படமாக்குகின்றனர்.

பழஞ்சின்னத்துட் புத்தரங்கு அமைத்தல் முறையோ எனச் சிலர் வினவலாம். பூட்டிவைத்த கட்டடம் கறையானுக்கு இரையாகும்; மக்கள் வழங்கும் கட்டடமே நெடிது வாழும். அன்றியும், வெளியேறுவோரைக் காட்டிய வாயில் இன்று மக்களை உள்ளே அழைக்கின்றது. இஃது அவ்விடத்தின் இயல்புக்கு முரணானதன்று.

சகோதரர் இருவரின் பெயரை உலகம் அறியும். திரையிலே நடந்துவரும் தொழிலாளரின் பெயரை அறிவார் எத்துணையர்? அவர்கட்கு அக்கொட்டகையே கல்வெட்டு. அழகுடையவற்றை மட்டும் காத்து, உழைப்பின் தடங்களை அழியவிடுவோமாயின் எஞ்சுவது செல்வர் சரிதமாகுமேயன்றி மக்கள் வரலாறு ஆகாது. வரலாறு பயிலும் மாணவர் இதனை உளங்கொள்வாராக.