அம்மா அப்பா பட்டதாரி இல்லையா? அப்ப உள்ளே வரலாம்

எங்கட ஊரில் ஒரு படிவத்தில் "தாய் தந்தையின் கல்வித் தகைமை" என்று ஒரு கட்டம் இருந்தால், அதை நிரப்பும்போது சிலருக்குக் கை தயங்கும். பட்டம், டிப்ளோமா என்று எழுத ஏதாவது இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவோம். அமெரிக்காவில் அறுபது வருடமாக நடக்கிற ஒரு திட்டத்தின் படிவத்தில் அந்தக் கோடுதான் தகைமை. அம்மாவோ அப்பாவோ நான்கு வருடப் பட்டம் எடுத்தவர் என்றால் அந்தப் பிள்ளைக்கு இடம் கிடைப்பது கஷ்டம்.

திட்டத்தின் பெயர் அப்வேர்ட் பவுண்ட். மேல்நோக்கிப் புறப்பட்டவர்கள் என்கிற மாதிரிப் பொருள். வசதி குறைந்த குடும்பத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் ஆறு வாரம் கம்பசுக்குக் கூட்டிவருவார்கள். பெரும்பாலான இடங்களில் பிள்ளைகள் அங்கேயே விடுதியில் தங்குவார்கள். காலையில் கணிதம், ஆங்கிலம், விஞ்ஞானம். பின்னேரம் வேறு செயற்பாடுகள். இரவில் எல்லாரும் அறைக்கு வந்தார்களா என்று ஒரு கணக்கெடுப்பு. வருடத்தின் மிச்ச நாட்களிலும் வகுப்பும் ஆலோசனையும் தொடரும். பிள்ளைக்கு ஒரு சதமும் செலவில்லை.

இப்படியான கோடைக்காலத் திட்டங்களின் விதிகளைப் பார்த்தால் முதலில் வெறும் அலுப்பான பட்டியலாகத்தான் தெரியும். யார் விண்ணப்பிக்கலாம், என்ன வயது, எந்தச் சான்றிதழ், எத்தனை மணிக்கு விளக்கணைக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு வரியும் எப்போது வந்தது என்று தேடிப் போனால், அதற்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. அந்தச் சண்டைகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

1964: படுக்கையும் கொஞ்சக் காசும்

1964 ஜனவரியில் ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் வறுமைக்கு எதிராகப் போர் என்று அறிவித்தார். ஜூலையில் குடியுரிமைச் சட்டம் வந்தது. அரசு காசு வாங்குகிற எந்தத் திட்டத்திலும் இன ஒதுக்கல் கூடாது என்று அது சொன்னது. ஆகஸ்டில் பொருளாதார வாய்ப்புச் சட்டம் கையெழுத்தானது. அதே கோடையில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் அப்போது ஆண்கள் மட்டும் படித்த டார்ட்மத் கல்லூரியில் 55 பையன்கள் வந்து இறங்கினார்கள். எல்லாரும் வறிய வீட்டுப் பிள்ளைகள். எட்டு வாரம் ஆங்கிலமும் கணிதமும். தேறுகிறவர்களுக்குப் பணக்காரர்களின் பிள்ளைகள் படிக்கிற விடுதிப் பள்ளிகளில் இடம். இது தனியார் முயற்சி, "ஏ பெட்டர் சான்ஸ்" என்று இன்றைக்கும் இருக்கிறது.

அடுத்த வருடம், 1965 கோடையில், அரசாங்கமே இறங்கியது. சார்ஜென்ட் ஷ்ரைவர் தலைமையிலான பொருளாதார வாய்ப்பு அலுவலகம், இருபதுக்கும் குறைவான இடங்களில், ஏறக்குறைய 2,000 பிள்ளைகளுடன் அப்வேர்ட் பவுண்டைப் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது.

ஏன் விடுதி? வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்து படித்துவிட்டுப் போகலாம்தானே? இதற்குப் பதில் எளிமையானது. குடும்பத்தில் ஒருவருமே கம்பஸ் படலையைத் தாண்டாத ஒரு பிள்ளைக்குப் பாடம் மட்டும் பிரச்சினை இல்லை. நூலகத்தில் யாரிடம் கேட்பது, சாப்பாட்டு மண்டபத்தில் எங்கே இருப்பது, பேராசிரியரின் கதவைத் தட்டலாமா என்பதெல்லாம் பட்டதாரி வீட்டில் பிள்ளை தானாகவே கேட்டு வளரும் விடயங்கள். மற்றப் பிள்ளைக்கு அங்கே படுத்து எழும்பித்தான் பழக வேண்டும். திட்டத்தின் இன்றைய விதிகளிலும் கோடை வகுப்பு கல்லூரி வாழ்க்கையைப் போலவே இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது.

இன்னொரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. பிள்ளைக்குக் கைச்செலவுக்குக் காசு கொடுக்கலாம். இன்றைய சட்டப்படி கோடையில் மாதம் 60 டொலர் வரை, மற்ற மாதங்களில் 40 டொலர் வரை. பெரிய காசு இல்லை. ஆனால் இது ஏன் வந்தது என்று யோசித்துப் பாருங்கள். வறிய வீட்டில் கோடை என்றால் விடுமுறை கிடையாது, உழைக்கிற காலம். பதினாறு வயதுப் பிள்ளை ஆறு வாரம் படிக்கப் போனால் வீட்டுக்கு ஆறு வாரச் சம்பளம் இல்லை. இலவசப் படிப்புக்கும் ஒரு விலை இருக்கிறது என்று இந்த விதியை எழுதியவர்களுக்கு விளங்கியிருக்கிறது. 60 டொலர் அந்த விலையை ஈடுகட்டாது என்பது வேறு கதை.

1980: கோடு தகைமையான கதை

தொடக்கத்தில் வறுமைதான் அளவுகோல். 1968 சட்டத்திருத்தத்தோடு திட்டம் வறுமை ஒழிப்பு அலுவலகத்திலிருந்து கல்வி அலுவலகத்துக்குக் கைமாறியது. தாய் தகப்பனின் படிப்பு சட்டத்துக்குள் வந்தது 1980 திருத்தத்தில். அதன்பிறகு கணக்கு இப்படி: எடுக்கிற பிள்ளைகளில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கினர் வருமானம் குறைந்தவர்களாகவும், குடும்பத்தில் முதல் ஆளாகக் கம்பஸ் போகிறவர்களாகவும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து. வருமானம் குறைந்தவர் என்றால் வரிக்குட்பட்ட வருமானம் அரசு போட்ட வறுமைக்கோட்டின் ஒன்றரை மடங்குக்குள் இருக்க வேண்டும். தாயுடன் மட்டும் வளர்கிற பிள்ளை என்றால் தாயின் படிப்பை மட்டும் பார்ப்பார்கள். விட்டுப் போன தகப்பன் பட்டதாரியா இல்லையா என்று தேட மாட்டார்கள்.

இந்த வரி வந்த காலத்தையும் பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு வருடம் முந்தி, 1978இல், பாக்கி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. கலிபோர்னியாவின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16ஐச் சிறுபான்மை இனத்தவருக்கு ஒதுக்கியிருந்தது. அப்படி எண்ணிக்கை போட்டு ஒதுக்கக் கூடாது, இனத்தைப் பல காரணிகளில் ஒன்றாக மட்டும் பார்க்கலாம் என்றது நீதிமன்றம். இனத்தின் பெயரில் இடம் ஒதுக்குவது சிக்கலாகிப் போன அந்தக் காலத்தில், தாய் தகப்பனின் படிப்பு என்கிற அளவுகோலுக்குக் கீழே கறுப்பினப் பிள்ளை, ஸ்பானிய மொழி பேசும் பிள்ளை, பூர்வகுடிப் பிள்ளை, அப்பலாச்சிய மலைக் கிராமத்து வெள்ளைப் பிள்ளை எல்லாரும் ஒரே வரிசையில் நிற்கக்கூடியதாக இருந்தது.

அனுமதி விதியில் ஒரு வரி மாறினால் ஒரு தலைமுறையின் வாழ்க்கையே வேறு பக்கம் திரும்பும் என்று எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. தரப்படுத்தல் பற்றி வீட்டில் கேட்டு வளர்ந்த ஆக்கள் நாங்கள்.

அந்த வரிசையில் நின்ற ஒருவரை எல்லாருக்கும் தெரியும். நடிகை வயோலா டேவிஸ். ரோட் ஐலண்டின் சென்ட்ரல் ஃபோல்ஸ் என்ற சின்ன ஊரில், கடும் வறுமையில் வளர்ந்தவர். ரோட் ஐலண்ட் கல்லூரியின் அப்வேர்ட் பவுண்டில் இருந்தவர். பிறகு அதே கல்லூரியில்தான் நாடகம் படித்துப் பட்டம் எடுத்தார். 2017இல் ஒஸ்கார்.

மற்றக் கதவு

இதே கம்பஸ்களுக்குள் கோடையில் வேறு பிள்ளைகளும் வந்தார்கள். ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஜூலியன் ஸ்டான்லி 1970களின் தொடக்கத்தில் ஒரு வேலை செய்தார். பல்கலைக்கழக நுழைவுக்காகப் பதினேழு வயதுப் பிள்ளைகள் எழுதுகிற எஸ்.ஏ.டி. பரீட்சையைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு வைத்தார். கணிதத்தில் அபாரத் திறமை உள்ளவர்களை அது வடித்தெடுத்தது. 1979இல் அதற்கென ஒரு நிலையம், 1980இல் விடுதியோடு கோடைப் பள்ளி. இங்கே அனுமதிச் சீட்டு உங்கள் புள்ளி. உதவித்தொகை உண்டு என்றாலும், பெரும்பாலும் பெற்றோர் கட்டணம் கட்ட வேண்டும், அதுவும் ஆயிரக்கணக்கான டொலர்.

நடுவில் ஒரு விசித்திரமான கதவும் உண்டு. மின்சார முன்னோடி எல். எல். நன் 1911இல் தொடங்கிய டெலுரைட் சங்கம், 1954இலிருந்து பள்ளி மாணவர்களுக்குக் கோடைப் பயிலரங்கு நடத்துகிறது. படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இலவசம். புள்ளி போடுவதில்லை. வீட்டை எப்படி நடத்துவது என்று பிள்ளைகளே கூடிக் கதைத்து முடிவெடுப்பார்கள். ஆனால் உள்ளே போக நீளநீளமாகக் கட்டுரை எழுத வேண்டும், நேர்முகமும் உண்டு.

மூன்று கதவு, மூன்று கேள்வி. உன்னிடம் என்ன இல்லை? உன் புள்ளி என்ன? நீ எப்படி யோசிப்பாய்? ஒரே பிள்ளை ஒரு கதவில் கெட்டிக்காரன், மற்றக் கதவில் விண்ணப்பிக்கவே தகுதியில்லாதவன்.

இரவு பத்து மணிக் கணக்கெடுப்பு

தங்கும் விதிகள் எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பெற்றோரின் கையெழுத்து, மருத்துவப் படிவம், வெளியே போனால் பதிவேட்டில் எழுதுவது, ஆண் பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனி மாடி, மது, போதை கண்டால் அன்றைக்கே வீட்டுக்கு.

ஒரு காலத்தில் இந்த விதிகள் கம்பஸ் மாணவர்கள் எல்லாருக்கும் இருந்தன. கல்லூரி பெற்றோரின் இடத்தில் நிற்கிறது என்பதுதான் கொள்கை. முக்கியமாகப் பெண் மாணவிகளுக்கு இரவு நேரக் கட்டுப்பாடு கடுமை. 1960இல் அலபாமாவில் கறுப்பின மாணவர்கள் நீதிமன்றக் கட்டடத்துச் சிற்றுண்டிச்சாலையில் அமர்ந்து போராடினார்கள். கல்லூரி விசாரணையே இல்லாமல் சிலரை நீக்கியது. அது டிக்சன் வழக்கானது. அரச கல்லூரி மாணவரை விளக்கம் கேட்காமல் நீக்க முடியாது என்று 1961இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதோடு பழைய கொள்கை ஆட்டம் கண்டது. அறுபதுகளின் முடிவுக்குள் இரவுக் கட்டுப்பாடும் பல கம்பஸ்களில் போய்விட்டது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு அது போகவில்லை. அதே கட்டடம், அதே அறை. ஒக்டோபரில் அங்கே இருக்கிற பதினெட்டு வயது மாணவி விடியப்புறம் இரண்டு மணிக்கு வந்தாலும் கேட்க ஆளில்லை. ஜூலையில் அதே கட்டிலில் படுக்கிற பதினாறு வயதுப் பிள்ளைக்கு விளக்கணைக்கிற நேரம் எழுதி ஒட்டியிருக்கும்.

2011க்குப் பிறகு விதிகளின் பார்வையே கொஞ்சம் திரும்பியது. பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் முன்னாள் கால்பந்துத் துணைப் பயிற்றுநர் ஒருவர் சிறுவர் துஷ்பிரயோகத்துக்காகக் கைதாகி, 2012இல் 45 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி ஆனார். அதன்பிறகு பல பல்கலைக்கழகங்கள் தங்கள் வளவுக்குள் வரும் சிறுவர்கள் பற்றிய விதிகளைப் புதிதாக எழுதின. வேலை செய்கிறவர்களின் பின்னணியைச் சோதிப்பது, பெரியவர் ஒருவர் பிள்ளையோடு தனியே அறையில் இருக்கக் கூடாது என்பது. அதுவரை விதிகள் பிள்ளையைத்தான் கண்காணித்தன. இப்போது பிள்ளையைப் பார்க்கிற பெரியவரையும் கண்காணிக்கத் தொடங்கின.

குலுக்கல்

கடைசியாக, என்னை மிகவும் யோசிக்க வைத்த விதி. இவ்வளவு காசு செலவழிக்கிறோமே, பலன் உண்டா என்று அரசாங்கம் கேட்டது. நியாயமான கேள்வி. 1992இல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வில் 67 இடங்களில் விண்ணப்பித்த பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு இடம், மறுபகுதிக்கு இல்லை. பிறகு இரண்டு பகுதியையும் வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் பட்டம் எடுப்போம் என்ற நம்பிக்கையே இல்லாமல் வந்த பிள்ளைகளுக்கு நல்ல பலன் என்று அறிக்கை சொன்னது. கணக்கில் ஒரேயொரு நிலையத்துக்கு மட்டும் கால்பங்குக்கு மேல் எடை கொடுத்திருக்கிறார்கள் என்று பிறகு எதிர்ப்பு வந்தது.

2006இல் கல்வித் திணைக்களம் மறுபடி ஒரு ஆய்வுக்குத் தயாரானது. இந்த முறை ஒரு விதி போட்டார்கள். தெரிவாகும் நிலையங்கள், இருக்கிற இடங்களைப் போல இரண்டு மடங்கு பிள்ளைகளைத் தேடிப் பிடித்து விண்ணப்பிக்கச் செய்ய வேண்டும். பிறகு குலுக்கல். பாதிப் பேருக்கு "இல்லை" என்று சொல்வதற்காகவே அவர்களைக் கூப்பிட வேண்டும்.

விஞ்ஞானமாகப் பார்த்தால் குலுக்கல் நல்ல முறைதான். இடம் போதாத நேரத்தில் அது நீதியானதும்கூட. ஆனால் களத்தில் வேலை செய்தவர்களுக்கு அந்தப் பிள்ளையின் முகம் தெரியும். இதுவரை ஒருவருமே கதவைத் திறக்காத பிள்ளையிடம் போய், நம்பிக்கை கொடுத்து, படிவம் நிரப்ப வைத்து, பிறகு ஆய்வுக்காகக் கதவைச் சாத்துவதா? எதிர்ப்பு கொங்கிரஸ் வரை போனது. 2008இல் புதிய சட்டம் வந்தது. ஒப்பீட்டுக்காக மட்டும் பிள்ளைகளைச் சேர்க்கும்படி எந்த நிலையத்தையும் இனிமேல் வற்புறுத்தக் கூடாது என்று அதில் எழுதினார்கள்.

அந்தத் தடையால் திட்டத்தைச் சரியாக அளக்கிற வழி ஒன்று அடைபட்டது என்று சொல்கிறவர்களும் உண்டு. அதையும் ஒதுக்கிவிட முடியாது. பலன் இல்லாத திட்டத்தில் ஆறு வாரத்தைச் செலவழிப்பதும் வறிய பிள்ளைதானே. ஆனாலும் எனக்கு 2008 சட்டத்தின் பக்கம்தான் மனம் சாய்கிறது. இடம் இல்லை என்றால் இல்லை என்று சொல்லலாம். இல்லை என்று சொல்வதற்காக ஒரு பிள்ளையைக் கூப்பிடக் கூடாது.

அடுத்த முறை ஏதாவது புலமைப்பரிசில் படிவமோ பயிற்சிமுகாம் அறிவித்தலோ உங்கள் கைக்கு வந்தால், தகைமைகள் என்ற பகுதியை ஒருக்கா மெதுவாக வாசியுங்கள். அது யாரைத் தேடுகிறது, யாரை வெளியே நிறுத்துகிறது, அங்கே போவதால் வீட்டுக்கு வருகிற நட்டத்தை யார் பொறுக்கிறது என்று கேளுங்கள். நாளைக்கு உங்கட ஊரில் நாலு பிள்ளைகளைக் கூட்டி ஒரு விடுமுறை வகுப்புத் தொடங்கினால், நீங்களும் ஒரு படிவம் எழுத வேண்டிவரும்.