லிஃப்டுக்குள் ஒரு மணிப் பொத்தானும் பழைய செம்புக் கம்பியும்

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

சில வாரங்களுக்கு முன் நோயாளி ஒருவரைப் பார்க்கப் போன இடத்தில் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டேன். என்னோடு ஒரு வயதான உம்மாவும் அவருடைய பேரப் பிள்ளையும் இருந்தார்கள். கரண்ட் போய், இரண்டு மாடிகளுக்கு நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. மணிப் படம் போட்ட மஞ்சள் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். ஒரு சத்தமும் இல்லை. கையிலிருந்த போனில் சிக்னலும் இல்லை. ஏழெட்டு நிமிடத்தில் ஜெனரேட்டர் போட்டார்கள், வெளியே வந்துவிட்டோம். அல்ஹம்துலில்லாஹ். பிள்ளைதான் நன்றாகப் பயந்துபோயிருந்தது.

கீழே நின்ற காவலாளித் தம்பியிடம் அந்தப் பொத்தானைப் பற்றிக் கேட்டேன்.

"அது வேல செய்யாது சேர். ஃபைபர் போட்ட நேரம் பழைய லைன எடுத்துட்டாங்க. அதுலதான் இது இருந்திச்சாம்."

எந்தக் கட்டடம், யாருடைய பிழை என்று எழுத நான் வரவில்லை. வரலாறு படிப்பிக்கிறவன் என்பதால் அந்தத் தம்பி சொன்ன ஒரு வசனம் மனதில் நின்றுவிட்டது. ஒரு சாதாரண டெலிபோன் லைனில் லிஃப்டின் மணி எப்படி வந்து சேர்ந்தது? லைனை எடுத்தவர்களுக்கு அது ஏன் தெரியாமல் போனது? தேடிப் பார்த்ததில் கதை 170 வருடங்களுக்கு முன்னால், அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்தில் தொடங்குகிறது.

அந்தக் காலத்தில் பொஸ்டனில் தீப்பிடித்தால் தேவாலய மணியை அடிப்பார்கள். தீ எந்தப் பக்கம் என்று மணிக்குத் தெரியாது. வண்டியை எந்தத் தெருவுக்கு இழுப்பது என்று தீயணைப்பாளர்களுக்கும் தெரியாது. வில்லியம் சானிங் என்ற வைத்தியரும் மோசஸ் ஃபார்மர் என்ற பொறியியலாளரும் சேர்ந்து இதற்குத் தந்தியைப் பயன்படுத்தினார்கள். தெருத் தெருவாக இரும்புப் பெட்டிகள் வைத்து, அவற்றைக் கம்பியால் ஒரு மத்திய அலுவலகத்தோடு இணைத்தார்கள். தீயைக் கண்டவர் பெட்டியைத் திறந்து கைப்பிடியைச் சுற்றினால், பெட்டியின் இலக்கம் தந்திக் குறியாக அலுவலகத்துக்குப் போய்ச் சேரும். 1852 ஏப்ரலில் இந்த ஏற்பாடு இயங்கத் தொடங்கியது. உலகில் முதலாவது தந்தித் தீ அறிவிப்பு முறை இதுதான். கிரஹாம் பெல் டெலிபோனுக்குக் காப்புரிமை பெற்றது 1876இல். அதாவது ஆபத்தை அறிவிக்கும் கம்பி, பேசும் கம்பியை விட 24 வயது மூத்தது.

அடுத்து நடந்தது இன்னும் சுவையானது. எட்வின் ஹோம்ஸ் என்பவர் திருடர் வந்தால் மணியடிக்கும் மின்கருவியின் காப்புரிமையை விலைக்கு வாங்கித் தொழில் நடத்தி வந்தார். வங்கிகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் அவருடைய நிலையத்துக்குக் கம்பி போயிருந்தது. 1877 மே மாதம் பொஸ்டனில் அவருடைய மகன் அந்தக் கம்பிகளிலேயே சில டெலிபோன்களை மாட்டிப் பார்த்தார். பகலில் வங்கிகள் அதில் பேசின. இரவில் அதே கம்பி திருடனுக்குக் காவல் இருந்தது. நியூ ஹேவனில் முதலாவது வணிக டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் திறந்தது 1878 ஜனவரியில். அதற்குச் சில மாதங்கள் முன்பே ஒரு எக்ஸ்சேஞ்சுக்கு ஒத்திகை நடந்தது பாதுகாப்பு மணியின் கம்பியில்தான்.

பிறகு நிலைமை தலைகீழானது. டெலிபோன் கம்பி ஊரெல்லாம் பரவியது. பாதுகாப்பு மணிக்கென்று தனிக் கம்பி இழுப்பது செலவு. ஆகவே மணிகள் டெலிபோன் கம்பியில் குடியேறின. 1970களுக்குப் பிறகு தானாகவே டயல் செய்யும் கருவிகள் பரவின. கட்டடத்தில் புகையை உணர்ந்ததும் தீ அறிவிப்புப் பெட்டி லைனைப் பிடித்து, கண்காணிப்பு நிலையத்தின் இலக்கத்தை அழைத்து, சில ஒலிக் குறிகளில் தகவலைச் சொல்லும். யாராவது அந்த லைனில் பேசிக்கொண்டிருந்தால் அவர்களை வெட்டிவிட்டுத் தன் அழைப்பை எடுக்கும். அதற்கென்றே அமெரிக்காவில் ஆர்ஜே 31 எக்ஸ் என்றொரு தனி இணைப்புப் பெட்டி இருந்தது. லிஃப்டின் மணிப் பொத்தானும் இதே வழியில் ஒரு இலக்கத்தை அழைத்தது.

இந்தப் பழைய லைனை ஏன் அவ்வளவு நம்பினார்கள்? வாப்பா காலத்து வீட்டு டெலிபோனை நினைத்துப் பாருங்கள். அதற்கு பிளக் இல்லை. ஊரே இருட்டாக இருந்தாலும் ரிசீவரைத் தூக்கினால் சத்தம் கேட்கும். காரணம், அதற்கான மின்சாரம் நம் வீட்டிலிருந்து வரவில்லை. எக்ஸ்சேஞ்சில் வரிசையாக வைத்த பெரிய பெட்டரிகளிலிருந்து 48 வோல்ட் அதே செம்புக் கம்பி வழியாக வந்தது. பெட்டரிக்குப் பின்னால் ஜெனரேட்டர் இருந்தது. பெட்டரிக்குத் தண்ணீர் விட, ஜெனரேட்டரை ஓட்டிப் பார்க்க, கம்பி அறுந்தால் கட்ட அங்கே சம்பளத்துக்கு ஆட்கள் இருந்தார்கள். நாம் மாதக் கட்டணம் கட்டியபோது, நமக்குத் தெரியாமலே இந்தப் பராமரிப்புக்கும் சேர்த்துத்தான் கட்டினோம்.

பழையது எல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. 1988 மே 8, அன்னையர் தினம். சிகாகோவுக்கு அருகே ஹின்ஸ்டேலில் இருந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலேயே தீப்பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை, உள்ளே ஆள் இல்லை. எச்சரிக்கை தூரத்தில், ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த கண்காணிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அங்கிருந்து தீயணைப்புப் படைக்கு உடனே தகவல் போகவில்லை. பெறுமதியான நேரம் வீணாகிப் போனது. சுமார் 35,000 லைன்கள் செயலிழந்தன, முழுதாகச் சீராக வாரங்கள் எடுத்தன. கம்பி தன் வேலையைச் செய்தது. கம்பியின் மறுமுனையில் இருந்தவர் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் ஒழுங்காக இருக்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இப்போது நம் காலம். எல்லோரும் மொபைலுக்கும் ஃபைபருக்கும் போய்விட்டோம். செம்புக் கம்பியைப் பராமரிக்கும் செலவு கூடுகிறது, வாடிக்கையாளர் குறைகிறார்கள், உதிரிப்பாகம் கிடைப்பதில்லை, அதைத் தெரிந்த பழைய தொழிலாளர்கள் ஓய்வுபெறுகிறார்கள். பழைய லைனை மூடுவது நியாயம்தான். அமெரிக்காவின் மத்திய தொடர்பாடல் ஆணைக்குழு 2019இல் ஒரு தீர்மானம் எடுத்தது. பெரிய கம்பனிகள் பழைய அனலொக் லைன்களை மற்றக் கம்பனிகளுக்குக் கட்டுப்பாட்டு விலையில் கொடுக்க வேண்டும் என்ற கடமையை நீக்கியது. மூன்று வருட அவகாசம் 2022 ஓகஸ்ட் 2இல் முடிந்தது. அன்றோடு எல்லா லைனும் துண்டிக்கப்படும் என்று பலர் பயந்தார்கள். அப்படி அந்தத் தீர்மானத்தில் இல்லை. விலைக்கு இருந்த கடிவாளம்தான் போனது. கட்டணம் ஏறியது. அப்போதுதான் பல கட்டட உரிமையாளர்கள் பில்லை எடுத்து, "இந்த லைன் எதற்கு?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

அங்கேதான் ஆபத்து. "இதில் யாரும் பேசுவதில்லையே, வெட்டு" என்று ஒருவர் சொல்வார். யாரும் பேசாத லைன்தான் தீ அறிவிப்புப் பெட்டியின் லைன், லிஃப்டின் லைன்.

வெட்டாமல் ஃபைபருக்கு மாற்றினாலும் இரண்டு சிக்கல்கள் உண்டு.

முதலாவது கரண்ட். ஃபைபர் கண்ணாடி இழை, அது மின்சாரம் கொண்டுவராது. கட்டடத்துக்குள் இருக்கும் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நாம்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். அமெரிக்காவின் என்எஃப்பிஏ 72 என்ற தீ அறிவிப்பு விதிக்கோவைப்படி அறிவிப்புப் பெட்டி கரண்ட் இல்லாமல் 24 மணித்தியாலம் தாக்குப்பிடிக்க வேண்டும். பிரித்தானியாவில் வீட்டு இணைப்புக்கு ஒழுங்குபடுத்தும் நிறுவனம் சொன்ன ஆகக் குறைந்த அளவு ஒரு மணித்தியாலம். இப்படி ஒரு இணைப்பில் தீ அறிவிப்புப் பெட்டியை மாட்டினால் என்ன நடக்கும்? பெட்டி உயிரோடு இருக்கும், உள்ளே மணியும் அடிக்கும். ஆனால் முதல் மணித்தியாலத்துக்குப் பிறகு வெளியே தகவல் போகாது.

இரண்டாவது, ஒலிக் குறி. மனிதக் குரலைச் சுருக்கி அனுப்புவதற்காகச் செய்த முறைகளில் இந்தக் குறிகள் சிதைந்துபோகலாம். மனிதர் பேசினால் "ஹலோ, திருப்பிச் சொல்லுங்க" என்போம். இயந்திரத்துக்கு அந்தச் சலுகை இல்லை. டயல் டோன் கேட்கிறது, ஆகவே எல்லாம் சரி என்று நினைப்பது இதனால்தான் பிழை.

பிரித்தானியா இதைச் சிரமப்பட்டுப் படித்தது. அங்கே சுமார் 18 இலட்சம் பேர் கழுத்திலோ கையிலோ ஒரு பொத்தான் அணிந்திருக்கிறார்கள். பெரும்பாலும் தனியாக வாழும் முதியவர்கள். விழுந்தால் அழுத்துவார்கள், டெலிபோன் லைன் வழியாக உதவி கேட்கும். லைனை மாற்றியபோது சிலருடைய பொத்தான் வேலை செய்யவில்லை. பாரதூரமான சம்பவங்கள் நடந்த பிறகு, 2023 டிசம்பரில் அரசும் கம்பனிகளும் கட்டாய மாற்றங்களை இடைநிறுத்தின. 2025 டிசம்பரில் முடிக்க இருந்த வேலை 2027 ஜனவரி 31க்குப் பிற்போடப்பட்டது. பெரிய சிக்கல் ஒன்று, யார் வீட்டு லைனில் இந்தப் பொத்தான் இருக்கிறது என்ற முழுப் பட்டியல் டெலிபோன் கம்பனிகளிடம் இல்லாததுதான். அந்தக் காவலாளித் தம்பி சொன்ன கதையும் இதேதான்.

இன்னொரு பாடமும் உண்டு. செம்பை விட்டு 3ஜி கருவிகளுக்கு மாறிய அமெரிக்கக் கட்டடங்கள் நிம்மதியாக இருந்தன. 2022 பெப்ரவரியில் ஏடி அன்ட் டி 3ஜியையே மூடியது. திரும்பவும் கருவி மாற்றம், திரும்பவும் செலவு. செம்பு நூறு வருடத்துக்கும் மேல் நின்றது. இனி வரும் எதுவும் அவ்வளவு காலம் நிற்காது என்று நினைத்தே திட்டம் போட வேண்டும்.

நல்ல வழி இல்லாமல் இல்லை. இன்று மொபைல் வலையமைப்பு, இணையம் என்ற இரண்டு பாதைகளிலும் தகவல் அனுப்பும் கருவிகள் உண்டு. ஒன்று விழுந்தால் மற்றது எடுக்கும், சொந்த பெட்டரியும் இருக்கும். பழைய கம்பி அறுந்தால் யாருக்கும் தெரியாமல் கிடக்கலாம். இவை அடிக்கடி நிலையத்தோடு பேசிக்கொண்டே இருப்பதால், தொடர்பு போனால் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். லிஃப்டுகளுக்கு ஐரோப்பாவின் ஈஎன் 81-28 தரம் மூன்று நாளைக்கு ஒரு தடவையாவது தானாகச் சோதனை அழைப்பு எடுக்க வேண்டும் என்கிறது. ஒழுங்காகச் செய்தால் புதியது பழையதை விடச் சிறந்தது. அந்த ஒழுங்கை யார் செய்வது என்பதுதான் கேள்வி. எக்ஸ்சேஞ்சின் பெட்டரிக்குத் தண்ணீர் விட்ட மனிதனின் வேலை இப்போது கட்டடத்தின் நிர்வாகியிடம் வந்துவிட்டது. வந்தது அவருக்குத் தெரியாது. யாரும் அவரிடம் சொல்லிக் கையளிக்கவில்லை.

தொடங்கிய இடத்திலேயே முடிக்கிறேன். 2024 ஜூன் 18, பொஸ்டன் இருக்கும் மாநிலம் முழுவதும் 911 அவசர அழைப்பு சுமார் இரண்டு மணித்தியாலம் வேலை செய்யவில்லை. அப்போது பொஸ்டன் நகர நிர்வாகம் மக்களுக்குச் சொன்ன வழிகளில் ஒன்று, தெருவிலிருக்கும் சிவப்புத் தீப் பெட்டியை இழுங்கள் என்பது. 1852இல் தொடங்கிய அதே முறை. அது இத்தனை காலம் தாங்கியதற்குக் காரணம் பழமை இல்லை. அதைச் சோதித்துப் பராமரிக்க இன்றும் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

நம் ஊரிலும் செம்பு போய் ஃபைபர் வந்துகொண்டிருக்கிறது. 2022 மின்வெட்டு நாட்களில் ரவுட்டர் அணைந்ததும் வீட்டு டெலிபோனும் சேர்ந்து ஊமையானதை நம்மில் பலர் பார்த்தோம். பாடசாலை, பள்ளிவாசல், வைத்தியசாலை, மாடிக் கட்டடம் என்று எதற்காவது பொறுப்பாக இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். லிஃப்டின் மணி, தீ அறிவிப்புப் பெட்டி ஒவ்வொன்றும் எந்த லைனில் போகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். லைனை மாற்றுவதற்கு முன் அந்தத் தாளைப் பாருங்கள். மாற்றிய பிறகு மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, பொத்தானை அழுத்துங்கள். மறுமுனையில் ஒரு மனிதக் குரல் கேட்க வேண்டும். அந்தக் குரலுக்குரியவர் அடுத்து யாரை அழைப்பார் என்றும் கேட்டுவையுங்கள். ஹின்ஸ்டேலில் தவறியது அந்த இடத்தில்தான்.

பள்ளிவாசல் நிர்வாகத்தை நாம் நம்பிக்கையாளர் சபை என்கிறோம். கட்டடத்துக்குள் வரும் ஒவ்வோர் உயிரும் அதன் பொறுப்பாளர் கையில் அமானிதம். அந்தப் பிள்ளை நான் பொத்தானை அழுத்தியபோது என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ பதில் சொல்வார்கள் என்று அது நம்பியது.

உங்கள் கட்டடத்தில் சோதித்துப் பார்த்தீர்கள் என்றால், என்ன நடந்தது என்று கீழே எழுதுங்கள்.