பிரெஞ்சு நகரம் ஆகாமற்போன திருகோணமலை

சில காலத்துக்கு முன் பாரிஸில் வாழும் நண்பர் ஒருவருடன் தொலைபேசியில் உரையாடிக்கொண்டிருந்தேன். திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவர் அவர். லாச்சப்பலில் ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறார். பேச்சு எங்கெங்கோ சென்று ஊர்க் கோட்டையில் வந்து நின்றது. அக்கோட்டையை 1782இல் ஆங்கிலேயரிடமிருந்து பறித்தவர் சுப்ரென் என்னும் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி என்று சொன்னேன். மறுமுனையில் சிறிது நேரம் மௌனம். பின்பு, "அண்ணை, ஈபிள் கோபுரத்துக்குப் பக்கத்தில சுப்ரென் அவெனியூ எண்டு ஒரு பெரிய றோட்டு இருக்கு. எத்தினை தரம் அதால போயிருப்பன். அந்தாள் எங்கட ஊருக்கு வந்தவரோ?" என்று கேட்டார்.

வந்தவர்தான். அவருக்கு நூறாண்டுகளுக்கு முன்னரும் பிரெஞ்சுக்காரர் அங்கு வந்திருக்கின்றனர். திருகோணமலையில் இருமுறை பிரெஞ்சுக் கொடி ஏறியது, இருமுறையும் இறங்கியது. எமது பாடநூல்களில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்ற வரிசைக்கிடையில் இவர்களுக்கு ஓரிரு வரிகளே கிடைக்கும். அவ்வரிகளுக்குள் அடங்காத கதை இது.

முதலில் துறைமுகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சோழமண்டலக் கரையில் சென்னை, புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம் எனத் துறைகள் பல இருந்தாலும் அவை திறந்த கடலைப் பார்த்தவை. ஐப்பசியில் வாடைக்காற்று எழுந்தால் பாய்க்கப்பல்கள் அங்கு நங்கூரமிட்டு நிற்க இயலாது. ஆங்கிலக் கப்பல்கள் பம்பாய்க்கும் பிரெஞ்சுக் கப்பல்கள் மொரிசியஸ் தீவுக்கும் ஓட வேண்டியிருந்தது. அவை திரும்பி வரும்வரை கரையோரம் காவலற்றுக் கிடக்கும். வங்காள விரிகுடாவின் இம்மேற்குப் பகுதியில் எல்லாக் காற்றுக்கும் மறைவான ஆழமான துறை திருகோணமலை ஒன்றுதான். ஐரோப்பிய அரசுகளுக்கு இச்சிற்றூர் மீது ஏற்பட்ட தீராத ஆசைக்குக் காரணம் இதுவே.

1664இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பனி உருவானது. அதன் இயக்குநர்களில் ஒருவரான பிரான்சுவா கரோன் முன்பு ஒல்லாந்தரிடம் பணியாற்றியவர். 1644இல் நீர்கொழும்புக் கோட்டையை அவர்களுக்குப் பிடித்துக் கொடுத்தவரும் அவரே. இலங்கையின் கடற்கரையை நன்கறிந்த அவர் திருகோணமலையைத் தளமாக்கும் யோசனையை முன்வைத்தார். 1670இல் பிரான்சிலிருந்து தெ லா ஹே தலைமையில் புறப்பட்ட கப்பற்படை 1672 மார்ச்சில் கொட்டியாரக் குடாவை வந்தடைந்தது. ஒல்லாந்தரை வெளியேற்ற வழி தேடிக்கொண்டிருந்த கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கன், திருகோணமலையையும் கொட்டியாரத்தையும் பிரெஞ்சுக்காரருக்கு அளிக்க இசைந்தான்.

காகிதத்தில் கிடைத்தது தரையில் நிலைக்கவில்லை. 14ஆம் லூயி மன்னன் அவ்வாண்டு ஏப்ரலில் ஒல்லாந்து மீது போர் அறிவித்திருந்தான். அச்செய்தி இக்கடலை அடைய மாதங்கள் பல ஆகும். ஆகவே ஒல்லாந்தத் தளபதி வான் கூன்ஸ் பெரிய போர் எதனையும் தொடுக்கவில்லை. உணவு வரும் வழிகளை அடைத்தார். பசியும் நோயும் மிகுதியைச் செய்தன. யூலையில் தெ லா ஹே ஒரு சிறு காவற்படையை விட்டுவிட்டுக் கப்பலேறினார். அக்காவற்படை ஒல்லாந்தரிடம் சிறைப்பட்டது.

கண்டிக்குத் தூது சென்ற தெ லா நெரோல் என்பவரின் கதி இன்னும் விசித்திரமானது. அரண்மனை வழியே குதிரையில் ஏறிச் சென்றார். காத்திருக்கப் பொறுமையின்றி மன்னனின் அனுமதி பெறாமலே திரும்பினார். விளைவு, விலங்கும் சிறையும். 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்டு அப்போது கண்டி இராச்சியத்தில் கைதியாயிருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தமது நூலில் இதனைப் பதிவு செய்திருக்கிறார். இலங்கையில் 'த லெனரோல்' என்ற குடும்பப் பெயருடைய சிங்களக் குடும்பங்கள் தாம் இத்தூதரின் வழிவந்தோர் என்று சொல்லிவருகின்றன.

திருகோணமலையை விட்டகன்ற தெ லா ஹே நேரே சோழமண்டலக் கரைக்குச் சென்று, அதே யூலையில் சென்னையை அடுத்த சாந்தோமைக் கைப்பற்றினார். அங்கும் முற்றுகை, 1674 செப்ரெம்பரில் அதனையும் இழந்தார். ஆனால் சாந்தோமில் தவித்தவர்களுக்குத் தெற்கிலிருந்து உணவுப் பொருட்கள் அனுப்பி உதவிய ஒரு சிறு கடலோர ஊர் பிரெஞ்சுக்காரரிடம் எஞ்சியது. 1674இல் பிரான்சுவா மார்த்தேன் அங்கு நிலைகொண்டார். அவ்வூர்தான் புதுச்சேரி. திருகோணமலை கைநழுவியதன் தொடர்ச்சியாகவே புதுச்சேரி பிறந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இரண்டாம் வருகைக்கு அமெரிக்கச் சுதந்திரப் போர் காரணமாயிற்று. அப்போரில் பிரான்சும் பின்னர் ஒல்லாந்தும் பிரித்தானியாவுக்கு எதிராக நின்றன. 1782 ஜனவரியில் ஆங்கில அட்மிரல் ஹியூஸ் திருகோணமலையின் இரு கோட்டைகளையும் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினார். யூலையில் கடலூரில் ஹைதர் அலியைச் சந்தித்துவிட்டு வந்த சுப்ரென், ஓகஸ்ட் இறுதியில் இங்கு படைகளை இறக்கினார். சில நாட்களிலேயே கீழ்க்கோட்டையும், உட்துறைமுக வாசலைக் காக்கும் ஒஸ்ரன்பேர்க் கோட்டையும் சரணடைந்தன. ஹியூஸ் வந்து சேர்ந்தபோது கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறந்தது. செப்ரெம்பர் 3ஆம் நாள் துறைமுகத்துக்கு வெளியே பெரும் கடற்சமர் மூண்டது. இரு தரப்பிலும் கப்பல்கள் சிதைந்தன. வெற்றி எவருக்கும் இல்லை. சமர் முடிந்து திரும்புகையில் 'ஒறியன்ற்' என்ற பெரிய பிரெஞ்சுப் போர்க்கப்பல் திருகோணமலை வாசலிலேயே தரைதட்டி அழிந்தது. 1783இல் ஐரோப்பாவில் சமாதானம் பேசி முடித்தபோது ஊர் மீண்டும் ஒல்லாந்தருக்கு உரியதாயிற்று. 1795இல் ஆங்கிலேயர் திரும்பி வந்தனர். 1803இல் கோட்டைக்குப் பிறடெறிக் என்ற தம் இளவரசரின் பெயரைச் சூட்டினர். தமது கடற்படைத் தளத்தை 1957இலேயே இலங்கையிடம் ஒப்படைத்தனர்.

"பிரெஞ்சுக்காரன் நிண்டிருந்தால் எங்கட ஊரும் பாண்டிச்சேரி மாதிரி இருந்திருக்குமே" என்றார் நண்பர். இவ்வாதங்கத்தை வேறு சிலரிடமும் கேட்டிருக்கிறேன். மஞ்சள் வர்ணச் சுவர்கள், நேர்கோட்டுத் தெருக்கள், கடற்கரை நடைபாதை என்று மனம் கற்பனை செய்கிறது. ஆயினும் இதில் எனக்கு உடன்பாடில்லை. வந்தவர் எவரும் ஊரைத் தேடி வரவில்லை. துறையைத் தேடியே வந்தனர். கண்டியில் கையளித்தனர், ஐரோப்பாவில் மீட்டனர். கொட்டியாரத்து உழவரையோ திருகோணமலைக் கடற்றொழிலாளரையோ எவரும் ஒரு சொல் கேட்கவில்லை. சுப்ரெனின் வீரர்கள் காவல் நின்ற சுவர்களின் கற்களே அதற்குச் சாட்சி.

1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தாந்தினு த சா திருக்கோணேச்சரத்தை இடித்து, அக்கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார். ஞானசம்பந்தர் 7ஆம் நூற்றாண்டில் பாடிய தலம் அது. பின்வந்த ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அவ்விடத்திலேயே பீரங்கிகளை நிறுத்தினர். பெயர்களும் கொடிகளும் மாறின, கற்கள் மாறவில்லை. ஊரவரோ தம் செல்வத்தை மண்ணுக்குள் ஒளித்து வைத்தனர். 1950இல் கிணறு வெட்டியபோது கோணேசர் கோயிலின் செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமிமலையின் அடிக்கடலில் கோயிற் தூண்களைக் கண்டனர். 1963இல் மீளக் கட்டிய கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. சுப்ரென் கைப்பற்றியதை ஓராண்டு கழித்து ஒரு மேசையில் இழந்தார். ஊர் புதைத்து வைத்ததோ முந்நூறு ஆண்டுகளின் பின்னும் ஊருக்கே கிடைத்தது.

துறையின் மீதான ஆசை இன்னும் ஓயவில்லை. 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் இங்கு குண்டு வீசின. ஆங்கிலேயர் விட்டுச் சென்ற எண்ணெய்க் குதங்களின் மீது 2022இலும் இரு நாடுகள் உடன்படிக்கை எழுதின. ஒஸ்ரன்பேர்க் கடற்படைத் தளத்துக்குள் இருக்கிறது. பிறடெறிக் கோட்டைக்குள் இராணுவ முகாம். கோணேசரைத் தரிசிக்கச் செல்வோர் அதன் வழியேதான் போக வேண்டும்.

அக்கோட்டை வாசலில் இரட்டைக் கயல் சின்னமும் சிதைந்த தமிழ்க் கல்வெட்டும் சுவரோடு சுவராக இருக்கின்றன. அர்ச்சனைத் தட்டுடன் விரைபவர்களும், மான்களைப் படம் பிடிக்கும் சுற்றுலாப் பயணிகளும் அதனைக் கவனியாமலே கடந்து செல்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அடுத்த விடுமுறையில் பிள்ளைகளுடன் ஊருக்குப் போகவிருப்பதாக நண்பர் சொன்னார். சுப்ரெனின் பெயரை அவர்கள் பாரிஸ் வீதியில் தினமும் வாசிக்கலாம். கோட்டை வாசலில் ஐந்து நிமிடம் நின்று, அக்கற்களைத் தொட்டுக் காட்டிவிட்டு மேலே ஏறும்படி மட்டும் அவரிடம் கேட்டுக்கொண்டேன்.