மெட்டு யாருடையது?

பங்குனித் தேரின்போது ஓசூர் சந்திரசூடேசுவரர் மலையடிவாரத்தில் சற்று நேரம் நின்றால் போதும். ஒரே சினிமா மெட்டு ஒரு பந்தலில் தெலுங்குப் பக்திப் பாடலாகவும் அடுத்ததில் கன்னடத்திலும் எதிர்க்கடையில் தமிழிலும் ஒலிக்கும். பாங்க் கவுண்ட்டரில் மூன்று பாஷையிலும் பதில் சொல்லிப் பழகிய எனக்கு இது விசேஷமாகப் படவில்லை. நம் இலக்கியவாதிகளுக்கு மட்டும் இது 'காப்பி'.

ஜமைக்காக்காரர்கள் இந்தக் 'காப்பி'யையே ஒரு வடிவமாக்கிக்கொண்டவர்கள். பாஸ் கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்த அடித்தளத்துக்கு அங்கே 'ரிதிம்' என்று பெயர். பாட்டு வேறு, ரிதிம் வேறு. 1968-ல் ஸ்லிம் ஸ்மித்தும் யூனிக்ஸ் குழுவும் பாடிய ஒரு பாட்டின் ரிதிம் மேலேயே, 1974-ல் ரூபி எட்வர்ட்ஸ் ஒரு இசைத்தட்டு முழுவதையும் அமைத்தார். பெயர் 'யமஹா ஸ்கேங்க்'. ஒருவர் பாடியதற்கு இன்னொருவர் அதே தாளத்தில் பதில் சொல்லலாம், கேலி பண்ணலாம். 1985-ல் கிங் ஜாமி தயாரிக்க வெய்ன் ஸ்மித் பாடிய 'ஸ்லெங் டெங்' ரிதிம், காஸியோ கம்பெனியின் சின்னக் கீபோர்டில் முன்கூட்டியே பதிந்திருந்த தாளம். அதன்மேல் நூற்றுக்கணக்கான பாட்டுகள் வந்தன. தாளத்தை அமைத்த ஒகுடா ஹிரோகோ என்ற பெண்ணின் பெயர் வெளியே தெரியப் பல வருஷங்கள் ஆயின. 2002-ல் ஒரு ரிதிமுக்கு 'தீவாளி' என்றே பெயர் வைத்தார்கள். நம்மவர் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

நம்மிடம் இதற்குப் பெயர் வர்ணமெட்டு. பாரதியின் 'தொண்டு செய்யும் அடிமை'யை எடுத்துக்கொள்ளலாம். சுயராஜ்யம் கேட்கும் இந்தியனை வெள்ளைக்கார உத்தியோகஸ்தன் ஏளனம் செய்கிறான். மெட்டு, கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தில் சிதம்பரம் போகக் கேட்கும் நந்தனை வேதியர் ஏளனம் செய்யும் பாட்டினுடையது. (பெரிய புராணத்தில் இந்த வேதியர் கிடையாது.) அன்று கேட்டவர்கள் காதில் துரையின் குரலுக்கு அடியில் பண்ணையாரின் குரலும் விழுந்திருக்கும். சுதேசி பேசிய மிராசுதார் ஒருவர் சபையில் இருந்திருந்தால் அவருக்கு எங்கே உறைத்திருக்கும்? இந்த இரட்டை அடியை வார்த்தைகள் தரவில்லை. மெட்டுதான் தருகிறது.

'எழுத்து' 1959-ல் தொடங்கி யாப்பை உதறியது அவசியமான காரியம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு கவிஞனும் தனக்கென்று ஒரு லயத்தோடு தனியறையில் உட்கார்ந்துவிட்ட பிறகு, ஒரு கவிதை இன்னொன்றின் குரலைத் தன்னுள் வைத்துக்கொண்டு பேசும் வசதி நமக்குப் போய்விட்டது. 'சுயமான குரல்' என்று நாம் கொண்டாடுவதில் பாதி, பேச்சுத்துணை அற்றுப்போனதுதானோ என்று தோன்றுகிறது.

பாரதி எந்தப் பாட்டின் மெட்டு என்பதைத் தலைப்புக்குக் கீழேயே சொல்லிவிடுகிறார். பி.ஏ. படித்த நாளில் அந்த வரியைத் தாண்டித்தான் வாசித்தேன். கிருஷ்ணகிரியில் ஒரு பஜனையில் பெரியவர் ஒருவர் நந்தனார் பாடக் கேட்ட இரவில்தான் புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன்.